முதல் மணி நேரத்தில் மூன்று ஆல்-இன்: ஒரு போக்கர் மேசையின் நிகழ்வு ஆய்வு

ஒரு நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் டோர்னமென்ட்டின் முதல் ஒரு மணி நேரமும் அதன் பின்விளைவும் இங்கே பதிவாகின்றன. ஆல்-இன் என்பது கையில் உள்ள மொத்தச் சிப்பையும் ஒரே முறையில் பணயம் வைப்பது. ஆட்டக்காரர்களின் பெயர்களைக் குறிப்பிடவில்லை. 3-ஆம் இருக்கையில் இருந்தவரை மூத்தவர் என்றும், 8-ஆம் இருக்கையில் இருந்தவரை இளையவர் என்றும் அழைக்கிறோம். இளையவர் கைபேசியில் எழுதிய குறிப்புகளையும், ஆட்டம் முடிந்தபின் இருவரும் தனித்தனியே சொன்ன விளக்கங்களையும் ஒப்பிட்டு இதை எழுதியிருக்கிறோம்.

பின்னணி

ஆளுக்கு 20,000 சிப். ஒரு லெவல் 20 நிமிடம். பிளைண்டு என்பது சீட்டு வருமுன்னே இருவர் கட்டாயமாகப் போடும் தொகை, சிறியது ஸ்மால் பிளைண்டு, பெரியது பிக் பிளைண்டு: முதல் லெவலில் 100/200, அடுத்து 200/300, அதன்பின் 200/400. பிக் பிளைண்டில் இருப்பவர் தன் பிளைண்டு அளவுக்கே மேசை முழுவதற்குமான ஆன்டியையும் (ஒவ்வொரு கைக்கும் போடும் இன்னொரு கட்டாயத் தொகை) சேர்த்துப் போட வேண்டும். எட்டாவது லெவல் முடியும்வரை வெளியேறியவர் மீண்டும் முழுக் கட்டணம் கட்டி உள்ளே வரலாம். அவருக்குக் கிடைப்பது அதே 20,000 சிப்தான்.

இந்த அமைப்பில் முதல் கையில், அதாவது முதல் சீட்டுப் பகிர்வில், ஒருவரிடம் 100 பிக் பிளைண்டு இருக்கிறது. எட்டாவது லெவலில், அதாவது 600/1,200-இல், மறுநுழைவு செய்பவருக்குக் கிடைப்பது 17 பிக் பிளைண்டுக்கும் குறைவு. கட்டணம் மாறவில்லை, ஆனால் அது வாங்கித்தரும் ஆட்டம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. நுழைவு அறிவிப்பில் எல்லோர் கண்ணிலும் படும் இந்த விவரத்தைக் கணக்கு போட்டுப் பார்த்தவர்கள் அந்த மேசையில் மிகச் சிலரே.

இளையவர் அதுவரை ஆடியது பெரும்பாலும் மறுநுழைவே இல்லாத ஃப்ரீஸ்-அவுட் ஆட்டங்கள். வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவென்ட் அந்த வகைக்குப் பெயர்போனது: 10,000 டாலர் நுழைவு, மறுநுழைவு கிடையாது, 2 மணி நேர லெவல்கள், 60,000 சிப்போடு 100/200-இல் தொடங்குவதால் கையில் 300 பிக் பிளைண்டு. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே மொத்தச் சிப்பையும் தள்ளுவதற்குக் காரணம் அனேகமாக ஒன்றுதான், கையில் மிகப் பெரிய சீட்டு இருக்கும். இளையவர் அந்தப் பழக்கத்தோடு வந்தார். இந்த ஆட்டத்துக்கு அதிகபட்சம் இரண்டு நுழைவு என்று முன்கூட்டியே முடிவு செய்தும் வந்திருந்தார்.

முதல் ஆல்-இன்: 12-ஆவது நிமிடம், 100/200

நான்கு பேர் தலா 200 போட்டு லிம்ப் செய்தார்கள், அதாவது தொகையை உயர்த்தாமல் பிக் பிளைண்டு அளவை மட்டும் போட்டு உள்ளே வந்தார்கள். இளையவரும் அவர்களில் ஒருவர், கையில் 7 ஜோடி. பட்டனில், அதாவது இரு பிளைண்டுகளுக்கும் முந்தைய இருக்கையில், இருந்த மூத்தவர் 20,000 சிப்பையும் முன்னே தள்ளினார். எல்லோரும் மடித்தார்கள், அதாவது சீட்டைக் கைவிட்டு விலகினார்கள். அவர் தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார்: இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் 5.

மேசையில் சலசலப்பு. 1,300 சிப்புக்காக 20,000-ஐப் பணயம் வைப்பதா என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது, ஆனால் விடை பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக வருகிறது.

லிம்ப் செய்த நால்வரிடமும் பெரிய ஜோடி இருந்திருந்தால் பெரும்பாலும் ரைஸ் செய்து தொகையை உயர்த்தியிருப்பார்கள். ஒவ்வொருவரும் பெரிய சீட்டைப் பதுக்கியிருக்க 1% வாய்ப்பு என்று வைப்போம். மிச்சமிருப்பது இரண்டு பிளைண்டுகள். குயின் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ் ஜோடி, ஏஸ்-கிங் ஆகியவற்றுக்கு மட்டும் அவர்கள் கால் செய்வார்கள் (அதே தொகையைப் போட்டு எதிர்கொள்வார்கள்) என்று கொண்டால், பொதுவாக அதற்கு 1,326 இரு சீட்டுச் சேர்க்கைகளில் 34 உண்டு. மூத்தவரின் கையில் ஓர் ஏஸ் இருப்பதால் அது 1,225-இல் 27 ஆகக் குறைகிறது: ஏஸ் ஜோடி ஆறிலிருந்து மூன்றாகவும், ஏஸ்-கிங் பதினாறிலிருந்து பன்னிரண்டாகவும் இறங்கிவிடுகின்றன. ஆளுக்கு 2.2%. எல்லாம் சேர்த்து யாராவது ஒருவர் கால் செய்ய வாய்ப்பு சுமார் 8%.

92% நேரம் 1,300 சிப் சண்டையின்றிக் கிடைக்கிறது. மீதி 8%-இல் ஏஸ்-5 சுமார் 29% வெல்லும், அந்த நேரங்களில் சராசரி இழப்பு 8,000 சிப்பை ஒட்டி வரும். கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 550 சிப் ஆதாயம். வெற்றி அடிக்கடி, சிறிதாக. தோல்வி அரிதாக, மொத்தமாக. பார்ப்பவர் மனதில் தங்குவது இரண்டாவதுதான்.

வழக்கமான 1,600 ரைஸ் போதாதா? மடிக்கத் தெரிந்தவர்கள் உள்ள மேசையில் போதும், அதுவே மேல். இந்த மேசையில் அதற்கு முன் இருமுறை 1,400-க்கு மூன்று பேர் சேர்ந்து கால் செய்திருந்தார்கள். ஏஸ் ஜோடியே கையில் இருந்தாலும் கண்மூடித்தனமான, எந்தச் சீட்டாகவும் இருக்கக்கூடிய, ஒரு கையை எதிர்த்து 85% வெல்லும். இருவர் என்றால் 73%, மூவர் என்றால் 64%, ஐவர் என்றால் 49%. கூட்டம் சேரும் மேசையில் ஆளைக் குறைப்பதற்காகவே தொகையைப் பெரிதாக்குகிறார்கள். ஆரம்ப ஆல்-இன்களில் கணிசமானவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்த எரிச்சல்தான்.

முன்னால் லிம்ப் செய்தவர் யாருமில்லாமல் அதே 20,000-ஐத் தள்ளினால் கணக்கு கவிழ்கிறது. 8 ஜோடியோடு முதல் ஆளாகத் தள்ளுவதாக வைப்போம். மேசையில் கிடப்பது 500 மட்டும், பின்னால் எட்டுப் பேர். மேற்சொன்ன நான்கு வகைச் சீட்டில் ஒன்று அவர்களில் யாரிடமாவது இருக்க சுமார் 20% வாய்ப்பு. அப்போது 8 ஜோடி வெல்வது சுமார் 36%. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 700 சிப் நட்டம், அதாவது மூன்றரை பிக் பிளைண்டு. செயல் ஒன்றே. முன்னால் கிடக்கும் சிப்பும், பின்னால் மிச்சமிருக்கும் ஆட்களும்தான் அதை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்குகின்றன.

இரண்டாவது ஆல்-இன்: 31-ஆவது நிமிடம், 200/300

5-ஆம் இருக்கைக்காரர் முதல் ஆளாக லிம்ப் செய்தார், பின்னாலேயே இன்னும் இருவர். ஸ்மால் பிளைண்டில் இருந்த மூத்தவர் மறுபடி எல்லாவற்றையும் தள்ளினார். 5-ஆம் இருக்கைக்காரர் உடனே கால் செய்து கிங் ஜோடியைத் திருப்பினார். மூத்தவரிடம் ஏஸ்-4, ஒரே இனம். போர்டில், அதாவது மேசையில் திறக்கும் ஐந்து பொதுச்சீட்டுகளில், ஏஸ் வரவில்லை. அவர் எழுந்து போய்க் கட்டணம் கட்டித் திரும்பினார். இருக்கைக் குலுக்கலில் காலியாக இருந்த அதே 3-ஆம் இருக்கை விழுந்தது.

கிங் ஜோடிக்காரர் அன்று வேறெந்தக் கையிலும் பெரிய சீட்டோடு லிம்ப் செய்யவில்லை. 12-ஆவது நிமிடத்தில் காட்டப்பட்ட ஏஸ்-5-ஐப் பார்த்தபின் வைத்த பொறி அது. இதையும் கணக்கில் சேர்க்கலாம். முதல் கையின் எண்களையே எடுத்து, பதுக்கும் வாய்ப்பை ஆளுக்கு 1%-இலிருந்து 5%-ஆக உயர்த்தினால் கால் வரும் வாய்ப்பு 8%-இலிருந்து 22%-ஆகிறது. 550 சிப் ஆதாயம் 760 சிப் நட்டமாக மாறிவிடுகிறது. சீட்டைக் காட்டிய ஒரு நொடி அந்த உத்தியின் ஆயுளை முடித்துவிட்டது.

மூத்தவருக்கு அது தெரிந்தே இருந்தது. இரண்டாவது முறை தள்ளியது அவசரம் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். மறுநுழைவு இருப்பதால் கை லேசாகிவிட்டது என்றார்.

இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மறுநுழைவு பற்றிய தவறான எண்ணமே இப்படிப்பட்ட ஆட்டங்களில் அதிகப் பணத்தைத் தின்கிறது. ஃப்ரீஸ்-அவுட்டில் சிப்பை இரட்டிப்பாக்கினால் அதன் மதிப்பு இரட்டிப்பாவதில்லை. பத்துப் பேர், ஆளுக்குச் சம சிப், பரிசு 50/30/20 என்ற சிறிய ஆட்டத்தில் தொடக்கத்தில் ஒவ்வொருவரின் பங்கும் 10%. முதல் கையிலேயே ஒருவரை வெளியேற்றி இரட்டிப்பாக்கியவரின் பங்கு, சிப்பைப் பரிசுப் பங்காக மாற்றிக் கணக்கிடும் ஐசிஎம் முறைப்படி, 18.4%, 20% அல்ல. ஆகவே சம சிப்பைப் பணயம் வைக்க அவருக்கு 50% வெற்றி வாய்ப்பு போதாது, 54% வேண்டும். பிழைத்திருப்பதற்கு ஒரு கூடுதல் விலை உண்டு என்பதே இதன் பொருள். களம் பெரிதாக இருந்தால் ஆட்டத் தொடக்கத்தில் அந்த விலை குறைகிறது. இழந்ததை அதே விலைக்குத் திரும்ப வாங்கலாம் என்றால் இன்னும் குறைகிறது.

மறுநுழைவு நீக்குவது அந்தக் கூடுதல் விலையை மட்டுமே. 54% தேவைப்பட்ட இடத்தில் 50%-ஐ ஒட்டிய வாய்ப்பு போதும் என்றாகிறது. 33% வாய்ப்புள்ள கையைத் தள்ளினால் முன்பும் நட்டம், இப்போதும் நட்டம். அந்த நட்டத்தை உடனே இன்னொரு முறை பார்க்க வழி திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ரீபையும் ஆட்-ஆனும் (ஆட்ட நடுவே கூடுதல் சிப் வாங்கும் வசதிகள்) கட்டணத்தைவிட மலிவாகச் சிப் தரும் ஆட்டங்களில் கணக்கு இன்னும் தளரும். இங்கே மறுநுழைவுக்கு முழு விலை.

மூன்றாவது ஆல்-இன்: 52-ஆவது நிமிடம், 200/400

இடைப்பட்ட 21 நிமிடத்தில் மூத்தவர் ஒரு முறைகூட ஆல்-இன் சொல்லவில்லை. சாதாரண ரைஸ்களால் இரண்டு பாட்களை (ஒரு கையில் சேரும் மொத்தப் பந்தயத் தொகை) வென்று 26,000-க்கு ஏறியிருந்தார். இந்தக் கையில் அவர் பிக் பிளைண்டுக்கு அடுத்த இருக்கை, முதலில் பேச வேண்டியவர். முன்னால் லிம்ப் இல்லை. பின்னால் எட்டுப் பேர். சீட்டைப் பார்த்தார், 26,000-ஐயும் தள்ளினார்.

நான்கு பேர் மடித்தார்கள். அவர்களில் ஒருவரான 5-ஆம் இருக்கைக்காரர் சில நொடி யோசித்த பிறகே மடித்தார். கையில் பத்து ஜோடி இருந்ததாகப் பிற்பாடு சொன்னார். இளையவரிடம் 18,400 சிப், கையில் ஏஸ்-ஜாக், வேறு வேறு இனம். அவருக்குப் பின்னால் இன்னும் மூவர். குறிப்பில் அவர் எழுதியிருந்த வரி இது: "இவர் எதை வைத்தும் தள்ளுகிறார்." கால் செய்தார். மற்றவர்கள் விலகினார்கள். மூத்தவர் திருப்பியது குயின் ஜோடி. முதல் மூன்று பொதுச்சீட்டான ஃப்ளாப் 8, 8, 3. நான்காவதான டர்னில் கிங், ஐந்தாவதான ரிவரில் 5. இளையவர் வெளியேறினார்.

அந்தக் காலின் கணக்கு

18,400 போட்டு மொத்தம் 37,800 சிப் பாட்டை வெல்ல வேண்டும். தேவையான வெற்றி வாய்ப்பு 48.7%.

எதிரே இருப்பது முற்றிலும் கண்மூடித்தனமான கை என்றால் ஏஸ்-ஜாக் சுமார் 64% வெல்லும், கால் மிகச் சரி. எதிரே 8 ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-குயின், ஏஸ்-கிங் என்று இருந்தால் 31% மட்டுமே. இரண்டுக்கும் நடுவே 48.7%-ஐத் தொட வேண்டுமானால், மூத்தவர் நூற்றுக்கு 54 முறை சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறவராக இருக்க வேண்டும். பின்னால் இருந்த மூவரில் ஒருவர் எழுந்து வரும் அபாயத்தைச் சேர்த்தால் அதற்கும் மேல்.

அந்த முடிவுக்கு இளையவரிடம் இருந்த ஆதாரம் என்ன? சுமார் 25 கைகளில் இரண்டு ஆல்-இன். இரண்டிலும் மூத்தவர் பேசும்போது முன்னால் பல லிம்ப்கள் கிடந்தன, பின்னால் பேச ஆட்கள் குறைவு. இரண்டிலும் காட்டியது ஒரே இனத்து ஏஸும் சிறிய சீட்டும். அவை கண்மூடித்தனமானவை அல்ல, ஒரே அச்சில் வார்த்தவை. மூன்றாவதில் அந்த அச்சின் ஒரு அடையாளமும் இல்லை. முதல் இருக்கை, வெறும் பாட், எட்டுப் பேர் பின்னால்.

மூத்தவர் இளையவரிடம் பேசும்போது சொன்னது: "தம்பி, மொத ரெண்டு தடவையும் எனக்கு முன்னாடி எத்தன பேரு உள்ள வந்திருந்தாங்கன்னு பார்த்தீங்களா? மூணாவது தடவ யாரும் இல்ல. அத வச்சே மடிச்சிருக்கலாம்." குயின் ஜோடியை 1,000-க்கு ரைஸ் செய்யாமல் மொத்தமாகத் தள்ளியதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. இரண்டு முறை பார்த்தவர்களில் ஒருவராவது மூன்றாவது முறை பொறுக்க மாட்டார் என்று எதிர்பார்த்தார்.

அவரது மூன்று ஆல்-இன்களுக்கும் ஆக மூன்று வேறு காரணங்கள்: முதலாவது மேசையில் கிடந்த சிப்புக்காக, இரண்டாவது மறுநுழைவு தந்த அலட்சியத்தால், மூன்றாவது முந்தைய இரண்டும் உண்டாக்கிய பெயரைக் காசாக்க. வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

மறுநுழைவுக்குப் பின்

இளையவர் மறுபடி கட்டணம் கட்டினார், வேறு மேசை கிடைத்தது. நான்காவது லெவல், 300/500. நடுவில் இருந்தவர் 1,200-க்கு ரைஸ், ஒருவர் கால். பட்டனில் இருந்த இளையவரிடம் 9 ஜோடி, 19,400 சிப். பாட்டில் 3,700. அவர் எல்லாவற்றையும் தள்ளினார். முதலில் ரைஸ் செய்தவர் ஏஸ்-கிங்கோடு கால் செய்தார், டர்னில் கிங் விழுந்தது. இரண்டாவது நுழைவும் போனது.

அன்றிரவு இளையவர் எழுதிய குறிப்பில் தன் முதல் ஆல்-இன் (ஏஸ்-ஜாக் கால்) "துரதிர்ஷ்டம்" என்றும், இரண்டாவது "கோபத்தில் செய்த முட்டாள்தனம்" என்றும் இருந்தது. ஆய்வில் இரண்டுமே தலைகீழாயின.

9 ஜோடிக் கையை எடுப்போம். ரைஸ் செய்தவர் தன் சிறந்த 15% கைகளோடு வருகிறார், அவற்றில் பத்து ஜோடியும் அதற்கு மேலும் ஏஸ்-கிங்கும் மட்டுமே கால் செய்யும் என்று கொண்டால் அவர் கால் செய்வது நாலில் ஒரு முறைக்கும் குறைவு. நடுவில் கால் செய்தவரையும் இரு பிளைண்டுகளையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 30%. மீதி 70%-இல் 3,700 சிப் கைக்கு வருகிறது. கால் வந்தால் 9 ஜோடியின் வாய்ப்பு 31%-ஐ ஒட்டி. நிகரம் ஏறத்தாழ 600 சிப் ஆதாயம். எதிராளி இன்னும் தாராளமாகக் கால் செய்பவரானால் இந்த எண் மாறும், ஆனால் முட்டாள்தனம் என்று சொல்ல இடமில்லை. ஏஸ்-கிங்கை எதிர்த்துக் கடைசியில் அவருக்கு இருந்தது 55% வாய்ப்பு, முதல் முறை குயின் ஜோடியை எதிர்த்து இருந்ததைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. கோபம் இருந்தது உண்மைதான். கோபத்தில் எடுத்தாலும் கணக்கு சரியாகவே இருந்தது.

தோற்றவுடன் எழுதும் குறிப்பு இப்படித்தான் ஏமாற்றும். தோல்வியின் வலியை வைத்து முடிவை எடைபோட்டால், சரியாக ஆடியதை விட்டுவிட்டுத் தவறாக ஆடியதைத் தொடர்வோம்.

இளையவர் மூன்றாம் முறை நுழையவில்லை. இன்னும் நான்கு லெவல் மறுநுழைவு திறந்தே இருந்தது, அருகில் இருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். வரும்முன் வைத்த வரம்பில் அவர் நின்றார். அன்றைய நாளின் மிகச் சரியான முடிவு என்று நாங்கள் கருதுவது அதைத்தான்.

முடிவு என்னவாயிற்று

மூத்தவர் 44,000-ஐத் தாண்டிய சிப்போடு மறுநுழைவுக் காலத்தைக் கடந்தார். பிறகு அவர் காரணமின்றி ஆல்-இன் சொன்னதாக யாரும் குறிப்பிடவில்லை. பரிசு வரிசையின் கடைப்பகுதியில் வெளியேறினார். கிடைத்த பரிசு ஒரு நுழைவுக் கட்டணத்தைவிடக் கூடுதல், இரண்டைவிடக் குறைவு. அவர் கட்டியது இரண்டு. பரிசுப் பட்டியலில் பெயர் வந்தது, பணம் முழுதாகத் திரும்பவில்லை. இரண்டாவது ஆல்-இன்னின் விலை அங்கே தெரிகிறது.

மாற்ற வேண்டியவை

இளையவரின் குறிப்பு முறையே முதலில் மாறியது. முன்பு ஆளைப் பற்றி ஒரு வரி எழுதுவார். இப்போது ஒவ்வொரு ஆல்-இன்னுக்கும் ஐந்து விவரம்: எந்த இருக்கை, முன்னால் எத்தனை பேர், பாட்டில் எவ்வளவு, தள்ளியது எத்தனை பிக் பிளைண்டு, காட்டிய சீட்டு என்ன. "எதை வைத்தும் தள்ளுகிறார்" என்ற வரி இந்த ஐந்தின் முன் நிற்காது. 12-ஆவது நிமிடக் கையை "பட்டன், நான்கு லிம்ப், 1,300, 100 பிக் பிளைண்டு, ஏஸ்-5 ஒரே இனம்" என்று எழுதியிருந்தால் 52-ஆவது நிமிடம் வேறு கதை என்பது தாளிலேயே தெரிந்திருக்கும்.

பெரிய காலுக்கு முன் தேவையான விழுக்காட்டை மேசையிலேயே கணக்கிடப் பழக வேண்டும். போட வேண்டியதை, போட்டபின் வரும் மொத்தப் பாட்டால் வகுத்தால் போதும். ஏஸ்-ஜாக் கையில் அது ஏறத்தாழ பாதி. பாதி முறை வெல்ல, எதிரே என்னென்ன சீட்டு இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லி வரிசைப்படுத்த முடியாவிட்டால் மடிப்பதே சரி. 18,400 சிப் என்பது 46 பிக் பிளைண்டு, அவசரப்படத் தேவையில்லாத அளவு.

லிம்ப் செய்துவிட்டு ஆல்-இன்னுக்கு மடிப்பதும் நிற்க வேண்டும். முதல் கையில் 7 ஜோடியோடு 200 போட்டு மடித்தது சிறு தொகைதான். ஆனால் நால்வர் அப்படிச் செய்ததால்தான் பட்டனில் இருந்தவருக்கு ஆல்-இன் ஆதாயமாயிற்று. 7 ஜோடியை 600-க்கு ரைஸ் செய்திருந்தால் மூத்தவருக்கு எதிரே மடிக்கும் உத்தேசமுள்ள லிம்ப் கூட்டம் இருந்திருக்காது.

மூத்தவர் தரப்பில் மாற்றம் ஒன்றே: முதல் ஆல்-இன்னுக்குப் பின் சீட்டைக் காட்டினால், லிம்ப்களுக்கு எதிரான அந்த உத்தியை அந்த மேசையில் அத்தோடு விட வேண்டும். காட்டாமலே விட்டிருந்தால் இன்னும் ஓரிரு முறை பலித்திருக்கும். இரண்டும் வேண்டும் என்று நினைத்ததற்கு அவர் கொடுத்தது ஒரு முழு நுழைவுக் கட்டணம்.

நுழைவுச் சீட்டு வாங்கும்போதே மறுநுழைவு முடியும் லெவலையும், அப்போது 20,000 எத்தனை பிக் பிளைண்டு என்பதையும் எழுதிக்கொள்வது இருவருக்கும் பொது. இந்த ஆட்டத்தில் 52-ஆவது நிமிடத்தில் மறுநுழைந்தால் 50 பிக் பிளைண்டு கிடைத்தது. இரண்டு லெவலுக்குள் வந்துவிடுவது, அல்லது வராமலே இருப்பது என்று இளையவர் அடுத்த ஆட்டத்துக்கான தாளின் மேற்பகுதியில் எழுதி வைத்திருக்கிறார்.